இஞ்சி பீர்: ஒரு பாட்டில் பொங்குகிறது, ஒன்று வெறும் தண்ணீர். அவசரம்

எல்லையோரன் | புதன் இரவு 9:12
வணக்கம். வீட்டில் இஞ்சி பீர் போட்டேன், 20 பாட்டில். இன்று இரண்டைத் திறந்தேன். ஒன்று பொங்கி அடுப்படிச் சுவர் முழுக்கத் தெறித்தது, இன்னொன்று வெறும் இஞ்சித் தண்ணீர். ஒரே டிரம், ஒரே நாளில் அடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டார் வருகிறார்கள். எல்லாப் பாட்டிலிலும் கேஸ் ஒரே மாதிரி நிற்க என்ன செய்யணும்? ஊர் சித்தூர், வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

மாங்கூழ் | 9:20
எந்தச் சித்தூர்? நான் ஆந்திரச் சித்தூர், காணிப்பாக்கம் போகிற வழி. நம்ம ஊர் என்றால் நேரிலேயே வந்து பார்த்துவிடுவேன். இன்னும் 18 இருக்கிறதே.

நுரைமானி | 9:31
மொத்தம் எத்தனை லிட்டர்? எந்த ஈஸ்ட்? டிரம்மில் எத்தனை நாள் கிடந்தது? அடைக்கும்போது சீனி எவ்வளவு, எப்படிப் போட்டீர்கள்? பாட்டில் என்ன, மூடி என்ன? இது எதுவும் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

போர்த்தண்ணி | 9:40
தண்ணீர்தான் காரணம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் போரில் பருப்பே வேகாது. கேன் தண்ணீருக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மாங்கூழ் | 9:44
ஒரே டிரம் என்கிறார். தண்ணீர் கெட்டது என்றால் இருபதும்தானே கெடணும்?

போர்த்தண்ணி | 9:47
அனுபவத்தில் சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள்.

பழையமூடி | 10:05
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. முதலில் இதைக் குளிர்பானம் மாதிரி பேசுவதை நிறுத்துங்கள். லிட்டருக்கு 50 கிராம் சீனி முழுதாகப் புளித்தால் சாராயச் சத்து 3 சதவீதத்தை ஒட்டி வரும். இஞ்சி போட்டுவிட்டதால் அப்காரி சட்டம் (மதுவுக்கான சட்டம்) கண்ணை மூடிக்கொள்ளாது. இரண்டாவது, கேஸ் என்பது விளையாட்டு இல்லை. ஹைரம் காட் 1872-இல் கோலி வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார் என்றால், உள்ளே இருக்கும் அழுத்தத்தை அடக்கத்தான். அடிப்படை தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சோடாக்கடை | 10:11
அண்ணா சொல்வது சரி, ஆனால் கோலி சோடாவில் ஈஸ்ட் வேலையே கிடையாது. எங்கப்பா வேலந்தாவளத்தில் சோடா போட்டவர். சிலிண்டரிலிருந்து கேஸ் நேராகப் போகும், அதனால்தான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஈஸ்ட்டை நம்பினால் இப்படித்தான்.

எல்லையோரன் | வியாழன் காலை 6:50
மன்னிக்கவும், பாலக்காட்டுச் சித்தூர். 13 லிட்டர். பாக்கெட் ஈஸ்ட். டிரம்மில் 6 நாள், குமிழி நின்ற பிறகு அடைத்தேன். ஒரு டம்ளர் சீனியைப் பாகாக்கி ஆறவைத்து, அதே டிரம்மில் ஊற்றினேன். காற்று படக்கூடாது என்று எங்கோ படித்தேன், அதனால் கலக்கவில்லை. அடியில் குழாய் உண்டு, அதில்தான் பிடித்தேன். 16 பழைய பீர் பாட்டில், 4 கிளிப் மூடிப் பாட்டில். அடைத்து 10 நாள் ஆகிறது.

நுரைமானி | 7:15
பிடித்த வரிசை ஞாபகம் இருக்கிறதா? பொங்கியது முதலில் பிடித்ததா, கடைசியில் பிடித்ததா?

எல்லையோரன் | 7:22
முதல் கிரேட்டில் எடுத்தது பொங்கியது. தண்ணீராக இருந்தது கிளிப் பாட்டில், அதெல்லாம் கடைசியில் பிடித்தவை.

நுரைமானி | 7:48
அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. பாகு கனமானது. கலக்காவிட்டால் அடியில் போய் உட்காரும். குழாயும் அடியில். முதல் பாட்டில்களுக்கு விருந்து, கடைசிப் பாட்டில்களுக்கு மேலே மிதந்த வெறும் இஞ்சிச் சாறு.

நான் மெல்போர்னில் இருந்தபோது வீட்டில் பீர் போட்டவன், அங்கே அதற்குச் சட்டத்தில் தடையில்லை. அங்கே நாங்கள் செய்தது இது. பாகை 5 நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான வேறொரு வாளியின் அடியில் முதலில் ஊற்றணும். டிரம்மிலிருந்து ஒரு குழாய் போட்டு, அதன் முனை வாளியின் அடியில் வளைந்து படுத்திருக்கும்படி வைத்துச் சாற்றை அதன்மேல் இறக்கணும். சுழன்றுகொண்டே நிறையும், தானாகக் கலக்கும். நம்பிக்கை இல்லையென்றால் கொதிநீரில் போட்டெடுத்த நீளக் கரண்டியால் மெதுவாக நாலு சுற்று. நுரை எழும்பாத சுற்று என்றால் காற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

அளவு: லிட்டருக்கு 4 கிராம் சீனி புளித்தால், ஏறக்குறைய அந்தச் சாற்றின் கொள்ளளவுக்குச் சமமான கேஸ் கிடைக்கும். பீருக்குப் பொதுவாக அதுபோல இரண்டரை மடங்கு போதும். 30 டிகிரியில் புளித்த சாற்றில் ஏற்கெனவே அரை மடங்குக்குச் சற்று மேல் கரைந்திருக்கும். ஆகவே லிட்டருக்கு 7 கிராம், 13 லிட்டருக்கு 90 கிராம். உங்கள் டம்ளர் எந்த டம்ளர்? 200 மில்லி டம்ளர் என்றால் சீனியே 170 கிராம் பிடிக்கும். அதாவது இரண்டு மடங்கு, அதுவும் முதல் கிரேட்டில் குவிந்து.

இதை இப்போதே செய்யுங்கள்: முதல் கிரேட்டைத் தொடுமுன் ஹெல்மெட், கெட்டிக் கையுறை (கேலி இல்லை). ஒவ்வொரு பாட்டிலையும் ஈரச் சாக்கில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு நாள் கழித்து, சாக்கோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறங்கள்.

மீனாட்சிபுரத்து அக்கா | 8:30
கிளிப் மூடியின் ரப்பரையும் பாருப்பா. நகத்தால் அழுத்திச் சற்று வளைத்துப் பார். கோடு கோடாக வெடிப்புத் தெரிந்தால் கேஸ் அந்த வழியாகப் போய்விடும். எங்கள் ஊறுகாய் ஜாடி ரப்பரும் இதே வெயிலில் ஒரு வருஷத்தில் அப்படித்தான் ஆனது.

நுரைமானி | 8:41
அக்கா சொன்னதை விட்டுவிட்டேன், நன்றி. இன்னொன்று: குமிழி நின்றது என்பது புளிப்பு முடிந்ததற்குச் சாட்சி இல்லை. ஹைட்ரோமீட்டரில் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி) மூன்று நாள் ஒரே எண் காட்டணும். அடுத்த முறை ஒரு காலி பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் சேர்த்துப் பிடியுங்கள். அது கல் மாதிரி இறுகினால் மற்றவையும் தயார், குளிரில் வைக்கலாம்.

கள்ளுப்பானை | 9:02
இவ்வளவு கணக்கு எதுக்கு? சித்தூரில் இருந்துகொண்டு பாக்கெட் ஈஸ்ட்டா! காலையில் இறக்கிய கள் ஒரு கரண்டி ஊற்றினால் போதும். கேரளத்துக் கடைகளுக்கெல்லாம் கள் அனுப்புகிற ஊர் அது.

பழையமூடி | 9:10
கள்ளில் எத்தனை விதக் கிருமி இருக்கிறது தெரியுமா? அதை அடைத்தால் பாட்டில் இல்லை, சுவரே போகும்.

கள்ளுப்பானை | 9:14
ஆப்ப மாவில் ஊற்றித் தின்றுதானே வளர்ந்தோம். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து தடை, அதனால் அந்தப் பக்கத்து ஆளுக்குக் கள் என்றாலே விஷம் என்று நினைப்பு.

பழையமூடி | 9:20
நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆப்பம் வேகிறது, பீர் வேகுமா?

போர்த்தண்ணி | 9:33
கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அது கூடத் தெரியாமல் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எப்படியும் தண்ணீர்தான் காரணம்.

மீனாட்சிபுரத்து அக்கா | 10:15
சண்டை போதும். தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு வழி சொல்கிறேன். பொங்குகிறதையும் பொங்காததையும் நன்றாகக் குளிரவைத்து, ஒரே ஜக்கில் பாதிப் பாதி சரித்து ஊற்றிக் கொடு. பாட்டிலை மேசைக்குக் கொண்டுவராதே.

எல்லையோரன் | ஞாயிறு இரவு 10:40
ரப்பரில் வெடிப்பு இருந்தது, நாலிலும். முதல் கிரேட்டைச் சாக்கோடு திறந்தேன், 3 பாட்டிலில் பாதிதான் மிஞ்சியது. சுவர் இன்னும் கழுவவில்லை. ஜக் யோசனை பலித்தது, மச்சான் இரண்டு கிளாஸ் கேட்டு வாங்கினார். நன்றி அக்கா, நன்றி அண்ணா.

நுரைமானி | 10:52
நல்லது. டம்ளர் எந்த டம்ளர் என்று கடைசிவரை சொல்லவில்லையே?

மாங்கூழ் | திங்கள் காலை 7:05
ஆளைக் காணோம். மோர் டம்ளராகத்தான் இருக்கும்.