ஃபின் (நீந்தும்போது காலில் மாட்டும் துடுப்பு) போட்டுப் பின்னால் நகர்வது எப்படி? யாராவது சொல்லிக்கொடுங்கள்

வணக்கம். எனக்குக் காரைக்குடிப் பக்கம். போன மாதம் பாண்டிச்சேரியில் ஸ்கூபா (காற்று டேங்கோடு தண்ணீருக்கடியில் நீந்துவது) முதல் கட்டப் பயிற்சி முடித்தேன். முன்னால் போவதில் சிக்கல் இல்லை. பின்னால் வரத்தான் தெரியவில்லை. பாறையை நெருங்கிவிட்டால் கையைத் துழாவி மண்ணைக் கிளப்பிவிடுகிறேன், பக்கத்தில் இருப்பவர் முறைக்கிறார்.

செய்முறை ஓரளவு புரிகிறது. உடம்பு மட்டமாக, கால் இரண்டும் பின்னால் நீட்டியபடி இருக்க வேண்டும். பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி, ஃபின்னை வெளிப்பக்கம் விரித்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுக்க வேண்டும். ஃபின்னின் மேற்பக்கமும் ஓரமும் தண்ணீரை வாரி முன்னால் தள்ளும், நாம் பின்னால் போவோம். அப்புறம் காலை மெதுவாகச் சேர்த்து நீட்ட வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறேன். நீட்டும்போது இழுத்த தூரம் அப்படியே முன்னால் போய்விடுகிறது.

வீட்டு முற்றத்தில் பெஞ்சில் குப்புறப் படுத்து ஃபின்னோடு பழகினேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "என்னடா, கரையில விழுந்த கெண்டை மாதிரி துள்ளுற?" என்றார். தோட்டத்துக் கிணற்றிலும் பார்த்தாயிற்று. டேங்க் இல்லை, மாஸ்க்கும் ஸ்னார்க்கல் என்கிற மூச்சு விடும் குழாயும்தான். படியில் சித்தப்பா மகன் காவல். ஐந்து முறை இழுத்தால் ஒரு முழம் நகர்கிறேன், அதற்குள் கால் தொங்கிவிடுகிறது.

என் ஃபின் நீளம், வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக். குட்டையான கெட்டி ரப்பர் ஃபின் வாங்கினால் சரியாகுமா, இல்லை கணுக்காலில்தான் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கவாட்டில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.