மேல்முறையீட்டுக் கெடு தாண்டிவிட்டது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஏற்காடு மலையில் காபித் தோட்டக் கூலி வேலை பார்த்த என் சித்தப்பா மகனுக்குச் சேலம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தண்டனை ஆனது. இப்போது சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்ட வக்கீல் "போட்டாச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விசாரித்தால் மனுவே தாக்கலாகவில்லை. கெடு முடிந்து பல மாதம் ஆகிறது.

வழக்குகளுக்குக் கெடு வைக்கும் லிமிடேஷன் சட்டம் 5-வது பிரிவில், தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம் என்று இருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களையும் கெடுவில் கழித்துக்கொள்ளலாம். எனக்குக் கவலையெல்லாம் அந்தக் காரணத்தை எப்படி நிரூபிப்பது என்பதில்தான். வக்கீலுக்குப் பணம் அனுப்பிய ஜிபே ரசீதும் வாட்ஸப் பதில்களும் இருக்கின்றன. பிரமாணப் பத்திரத்தோடு இவற்றைச் சேர்க்கலாமா? பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்காமல் புது வக்கீல் வக்காலத்து போட முடியுமா?

சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக அப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு நாள் ஆனது என்று சொல்லுங்கள். தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவையும் கூடவே போட வேண்டும். அவன் மகள் பத்தாவது படிக்கிறாள். கிரிமினல் அப்பீல் பார்க்கும் நல்ல வக்கீல் தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இன்றே பேசுகிறேன்.