உதவித்தொகையும் ஒரு ரூபாய் இட்லியும்: பற்றாக்குறையைக் காட்டி இவற்றில் கைவைப்பது நியாயமா?

காசிமேட்டு மகள்:
முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் இதே 200தான். தமிழ்நாடு அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுக்கும் மொத்தத் தொகை 2011இல் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. ரேஷனில் உளுத்தம்பருப்பு 2017இல் நின்றது. மண்ணெண்ணெய் ஒதுக்கீடு வருடா வருடம் சுருங்கியது. தொகையை உயர்த்தாமல் வைத்திருந்தாலே போதும், மீதியை விலைவாசி தின்றுவிடும். அறிவிப்பும் கிடையாது, கண்டனக் கூட்டமும் கிடையாது.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய பெண்கள் விடியுமுன் துறைமுகத்து மீன் ஏலத்துக்குப் போய்க் கூடை எடுக்கிறார்கள். உதவித்தொகை வாடகைக்கே காணாது என்பதால் போகிறார்கள். 200 ரூபாய்க்கு ஒரு கிலோ வஞ்சிரம்கூட வராது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? பற்றாக்குறை என்றதும் முதலில் இவர்கள் வயிற்றில்தான் கைவைக்க வேண்டுமா?

மண்ணடி வியாபாரி:
சகோதரி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் பணம் எங்கிருந்து வரும்? மாநில நிதிநிலை பற்றிய 2021 ஆகஸ்டு வெள்ளை அறிக்கையின்படி மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ஏறத்தாழ 2.63 லட்சம் ரூபாய் கடன். 2025-26 பட்ஜெட்டில் மதிப்பிட்ட வருவாய்ப் பற்றாக்குறை 41,000 கோடிக்கு மேல். கடனுக்கு வட்டி கட்டுவதும் இதே மக்களின் பணம்தான்.

நான் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். 2022இல் சொத்து வரியை ஏற்றினார்கள், கட்டினேன். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி இன்றும் ஒரு ரூபாய். மாநகராட்சிக்கு இதில் ஆண்டுக்கு 100 கோடிக்கு மேல் இழப்பு. கார் வைத்திருப்பவரும் அங்கே சாப்பிடலாம், ரேஷனில் இலவச அரிசியும் வாங்கலாம். இல்லாதவருக்கு இரட்டிப்பாகக் கொடுங்கள், இருப்பவருக்கு நிறுத்துங்கள். இதில் என்ன அநியாயம்?

ராயபுரம் வார்டு உதவியாளர்:
ஐயா, கார் வைத்திருப்பவர் ஒருநாள் எங்கள் மருத்துவமனையில் உள்ள அம்மா உணவக வரிசையில் வந்து நிற்கட்டும், நானே டோக்கன் வாங்கித் தருகிறேன். அங்கே நிற்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்திலிருந்து நோயாளியோடு வந்தவர்கள். வந்த அன்றைக்கே கையிருப்பு ஸ்கேனுக்கும் ஆட்டோவுக்கும் போய்விட்டிருக்கும். இரவில் 3 ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தியும் பருப்பும் வாங்கி, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குத் திரும்புகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு மருத்துவமனைச் சாப்பாடு உண்டு. கூட இருப்பவருக்குக் கிடையாது. அந்தச் சப்பாத்தி இல்லையென்றால் அவர் பட்டினி கிடப்பார், அல்லது நோயாளியைப் பாதியில் வீட்டுக்கு அழைத்துப் போவார். அப்படிப் போனவர்கள் நோய் முற்றி மறுபடி வரும்போது ஆகும் செலவு எந்த இழப்புக் கணக்கில் வருகிறது?

மண்ணடி வியாபாரி:
மருத்துவமனை உணவகத்தை மூடு என்று நான் சொல்லவில்லையே. சென்னையில் ஏறத்தாழ 390 உணவகங்கள். எல்லாவற்றிலும் ஒரே கூட்டமா? ஆள் வராத இடத்தை அடுத்ததோடு சேர்க்கலாம். பழுதான பாத்திரங்களை மாற்றவும் கட்டடங்களைச் சீரமைக்கவும் 2024இல் 21 கோடி ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தைக் கூட்டம் உள்ள இடங்களில் மட்டும் போட்டிருந்தால் சாம்பாராவது கெட்டியாக இருந்திருக்கும்.

புளியந்தோப்பு பட்டதாரி:
ஆள் ஏன் வரவில்லை என்று கேளுங்கள் ஐயா. கிரைண்டர் பழுது, ஒரு நாள் சப்பாத்தி இல்லை, மதியம் போனால் தயிர் சாதம் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை வரமாட்டார். பிறகு விற்பனை குறைந்துவிட்டது என்று அதையே காரணம் காட்டி மூடுவது எந்த ஊர் நியாயம்?

சிக்கனம் என்ற பெயரில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்டு 1 முதல் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்தார்கள். கையில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் பல ஆயிரம் குறையும் என்பதுதான் அவர்களின் முதல் புகார். நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் எங்கள் பகுதிக்காரர்கள். சிக்கனம் என்கிறீர்களே, அது யாருடைய அடுப்பிலிருந்து எடுத்தது?

பெரம்பூர் ஓய்வூதியர்:
நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். எனக்கு விலைவாசிக்கேற்ற அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை தானாக ஏறுகிறது, மனு கொடுக்க வேண்டியதில்லை. மீன் விற்ற பெண்மணிக்கு அந்த ஏற்பாடு இல்லை. நிதிநிலை இடித்தாலும் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. மற்றபடி, ரேஷன் அரிசி தேவைப்படாதவர்கள் அரிசி வேண்டாத அட்டைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற வசதி இருக்கிறதே, அதைப் பெரிதாக விளம்பரம் செய்யலாமே.

காசிமேட்டு மகள்:
நன்றி ஐயா, அதைத்தான் நானும் கேட்கிறேன்.

மண்ணடி அண்ணனுக்கு: இல்லாதவரைப் பார்த்துக் கொடுங்கள் என்கிறீர்கள். பார்ப்பது யார்? வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ஒரு நாள், தாலுகா அலுவலகத்தில் ஒரு நாள். கூடை எடுக்காத நாளில் கூலி கிடையாது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கச் சொன்னபோது என்ன நடந்தது தெரியுமா? எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு, வருடக்கணக்கில் மீன் செதிள் உரித்து, ஐஸிலும் உப்பிலும் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, அந்தம்மா பையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பிறகு கண் கருவிழி இயந்திரம் வந்தது, உண்மைதான். அதுவரை அலைந்தவருக்கு யார் பதில் சொல்வது? 1997இல் நாடு முழுவதும் ஏழைகளுக்கு மட்டும் என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. வடிகட்டினால் முதலில் விழுபவர்கள் இவர்கள்தான் என்பதற்காகவே அதைக் காப்பாற்ற வேண்டும்.

மண்ணடி வியாபாரி:
விரல் ரேகை விஷயம் எனக்குச் சுடுகிறது, மறுக்கவில்லை. உதவித்தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். மத்திய அரசு அந்த 200ஐ உயர்த்தியே ஆகவேண்டும். ஆனால் வரவுக்கு வழி சொல்லாமல் எல்லோருக்கும் எல்லாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கடன் வாங்கி இன்று போடும் சோற்றுக்கு உங்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் வட்டி கட்டுவார்கள்.

ராயபுரம் வார்டு உதவியாளர்:
அப்படியானால் ஒவ்வோர் உணவகத்திலும் எத்தனை நாள் எந்த உணவு இல்லாமல் போனது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்ற கணக்கை வார்டு வாரியாக வெளியிடச் சொல்லிக் கேட்போம். வார்டு மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் ஏரியா சபைக் கூட்டம் எதற்கு இருக்கிறது? நீங்களும் வாருங்கள் ஐயா. இழப்புக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும், வரிசையில் நிற்பவர்கள் கணக்கை நான் கொண்டுவருகிறேன்.