போதை மறுவாழ்வு மையத்துல இருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள்: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

வில்லிவாக்கம்_அம்மா

பையனுக்கு 19. கஞ்சாவுல ஆரம்பிச்சு வலி மாத்திரைக்குப் போயிட்டான், மிச்சத்த நான் சொல்லத் தேவையில்ல, இங்க இருக்கறவங்களுக்கே தெரியும். 40 நாள் உள்ள வெச்சிருந்தோம். கூட்டிட்டு வந்த அன்னிக்கு வஞ்சரம் வறுத்து வெச்சிருந்தேன், சாப்ட்டான், தட்ட அவனே கழுவுனான் (பொறந்ததுல இருந்து கழுவுனதில்ல), அப்புறம் கிச்சன் வாசப்படில வந்து கைய கட்டிட்டு நின்னு “பாத்ரூம் போலாமா”ன்னு கேட்டான். யார்கிட்ட கேக்கறான்னே எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அவங்கப்பா டிவிய பாத்துட்டே “பாத்தியா, எவ்ளோ மரியாதை வந்துருச்சு”ன்றாரு. எனக்கு வயித்த பெசஞ்சுச்சு.

டிஸ்சார்ஜ் பேப்பர்ல வாரம் ரெண்டு நாள் ஓபி, சனிக்கெழம ஃபேமிலி செஷன்னு எழுதித்தான் குடுத்தாங்க. அரியர் எக்ஸாம் வருது, முடியட்டும்னு நாங்கதான் தள்ளிப்போட்டோம். 12வது நாள் ஃப்ரெண்டு பர்த்டேன்னு போனான். இப்ப ரெண்டாவது தடவையா உள்ள இருக்கான். அந்த “போலாமா” மட்டும் இன்னும் காதுலயே இருக்கு. உங்க வீட்ல எப்டி இருந்துச்சுன்னு சொல்லுங்க.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

அம்மா நான் உங்க பையன் சைடுல இருந்து சொல்றேன், எனக்கு 24. வார்டுல நான்தான் ஃபர்ஸ்ட் ரேங்க். காலைல யோகாவுக்கு முதல் ஆளு, குரூப்ல நல்லா பேசுவேன், புதுசா வர்ற பசங்களுக்கு அட்வைஸ் வேற. 28 நாள் முடிச்சுட்டு ஹீரோ மாதிரி வெளில வந்தேன். அங்க ஒருத்தன் கூட எனக்கு பொட்டலம் நீட்டலயே, அப்ப ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கறதுல என்ன இருக்கு.

அப்புறம் சாயந்தரம் ஓபி, வாரம் மூணு நாள், மூணு மாசம். டீம் லீட்கிட்ட பல்லு ட்ரீட்மென்ட்னு சொல்லி வெச்சிருந்தேன் (ரெண்டாவது மாசம் “வாய்க்குள்ள மெட்ரோ வேலையாடா நடக்குது”ன்னு கேட்டாரு). நாலாவது வாரம் சறுக்கிட்டேன். யூரின் டெஸ்ட் இருக்குன்னு தெரியும், கஞ்சா ரெகுலரா அடிக்கறவனுக்கு வாரக்கணக்குல காட்டும்னும் தெரியும், அதனால ரூம்மேட்டோடத ஒரு குட்டி பாட்டில்ல எடுத்து சட்டைக்குள்ள வெச்சு பஸ்ல 40 நிமிஷம் நின்னுட்டே போனேன். கப்புல ஊத்தி குடுத்தேன். கவுன்சலர் மேடம் கையில வாங்கி, அப்டியே ஒரு செகண்டு வெச்சிருந்துட்டு, “இது சூடாவே இல்லையேப்பா”ன்னாங்க.

அவ்ளோதான். கத்தல, அப்பாவுக்கு ஃபோன் போடல. கப்ப ஓரமா வெச்சுட்டு “உக்காரு. என்னிக்கு, யாரோட, அதுக்கு முன்னாடி மத்தியானம் என்ன நடந்துச்சு”ன்னு கேட்டாங்க. துரத்தி விட்ருவாங்கன்னு நெனச்சேன், வாரம் மூணு நாள் ஓபி நாலு நாளாச்சு, வேற ஒண்ணும் பண்ணல. அந்த மத்தியானத்த பத்தியே மூணு செஷன் பேசினோம் (சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ், அதான்). வார்டுல இத எப்டி பேசியிருக்க முடியும், அங்கதான் சம்பளமே வராதே.

தாம்பரம்_அக்கா

ப்ரோ உங்களுக்கு வேலை இருக்கு, 24 வயசு, நீங்களே பஸ் ஏறி போறீங்க. என் தம்பிக்கு 17. வாரத்துக்கு நாலு நாள் யாரு கூட்டிட்டு போறது, அப்பா லோடு வண்டி ஓட்றாரு. அதனாலதான் உள்ள போட்டோம், எல்லாரும் என்னமோ நாங்க கைகழுவி விட்ட மாதிரி பேசாதீங்க.

ஆனா போட்ட எடம்தான் தப்பு. பேரு சொல்ல மாட்டேன், ஊருக்கு வெளிய, ஏரிக்கரை தாண்டி ஒரு வீடு. பெரிய ஹால், 17ல இருந்து 50 வரைக்கும் ஒண்ணா பாய் போட்டு. முத ஞாயித்துக்கெழம பாக்க போனா 10 நிமிஷம்தான், பக்கத்துலயே ஒரு ஆள் நிக்கறான். தம்பி யாருதோ பெரிய டீஷர்ட் போட்டுட்டு இருக்கான். அந்தாளு கேட் தெறக்க போன கேப்ல குனிஞ்சு ஒரு தூக்க மாத்திரை பேர சொல்லி “அது கெடச்சா பீரே வேணாமாமே, உனக்கு தெரியுமாக்கா”ன்னான். கூல் லிப்பும் (ஒதட்டுக்குள்ள வெக்கற புகையில) பீரும் எப்பவாச்சும் கஞ்சாவும்னு உள்ள போனவன் ஒரே வாரத்துல மெடிக்கல் ரெப் ஆயிட்டான். அன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டேன், கட்டின பணம் போச்சு.

அப்புறம்தான் தெரிஞ்சுது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலயே இருக்கு, 18க்கு கீழன்னா பெரியவங்க கூட போடக் கூடாது, வீட்டு ஆள் இல்லன்னா அவங்க வெக்கற ஆள் ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் கூடவே இருக்கணும். “அட்டெண்டர்லாம் வேணாம்மா, நாங்க பாத்துக்கறோம்”னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்.

ரிட்டயர்டு_ராயபுரம்

எல்லாருக்கும் வணக்கம். என் மச்சினர் பையன், 22, குடி. மாமியார் பேச்ச கேட்டு ரூம்ல போட்டு பூட்டினாங்க, ரெண்டாவது நாள் காலைல ஃபிட்ஸ் வந்து பீரோ முனைல இடிச்சு தலைல தையல். அத நான் கண்ணால பாத்தேன், அதான் எழுதறேன்.

தெனம் குடிக்கறவன வீட்லயே திடீர்னு நிறுத்தாதீங்க, முத ரெண்டு நாள்தான் ஃபிட்ஸ் வர்ற நேரம், மூணாவது நாள் வாக்குல ஆள் மாறி ஒளற ஆரம்பிச்சா அது உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரில தயமின் ஊசி போட்டு மருந்து குடுத்து எறக்குவாங்க. தூக்க மாத்திரை பழக்கமும் அப்டித்தான், பட்டுனு நிறுத்தக் கூடாது. காசு இல்லன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு போங்க, பேர கேட்டு பயப்படாதீங்க, 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி, சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல ஆரம்பிச்சது, வீட்டுக்காரர குடியால பறிகொடுத்துட்டு ஆரம்பிச்சாங்க, அங்க குடும்பத்துக்கும் தனியா வகுப்பு உண்டு. எங்க போறதுன்னே தெரியலன்னா 14446க்கு அடிங்க, போதை மறுவாழ்வுக்கான இலவச நம்பர். வீட்ல ஜிபே பின் மாத்துங்க. பழைய சிம்ம எடுத்துடுங்க. குலதெய்வத்துக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க. பாக்கெட் மணி கையில குடுக்காதீங்க. முக்கியமா, இந்த 28 நாள் 40 நாள்லாம் பத்தாது, ஒரு வருஷம் உள்ளயே வைக்கணும். வெளில விட்டாலே போச்சு.

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

அங்கிள் கடைசி லைன் வரைக்கும் கரெக்டா வந்தீங்க. ஐயப்பனுக்கு மாலை போட்டா எங்க தெருவுல ஒரு மண்டலம் ஒருத்தனும் தொட மாட்டான். மாலைய கழட்டுன அன்னிக்கு டாஸ்மாக் வாசல்ல போயி பாருங்க. மாலை போட்ட நாள் கம்மின்னா சொல்வீங்க? கழட்டுன மறுநாளுக்கு யாரும் ஏற்பாடு பண்ணல, அதான்.

ரிட்டயர்டு_ராயபுரம்

தம்பி, சாமி விஷயத்த இதுல இழுக்காதீங்க. நானே 11 வருஷம் மலைக்கு போனவன்.

வார்டு_டூட்டி

சண்டைய அப்புறம் போடுங்க. கேஷுவால்ட்டில வேலை பாத்தேன், எங்கன்னு வேணாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பையன கொண்டாந்தாங்க, 20 இருக்கும், மாத்திரைய கரைச்சு ஊசில ஏத்திருக்கான். மூச்சு இல்ல. எவ்ளோ போட்டான்னு கேட்டா கூட வந்தவன் “எப்பவும் போடறதுதான் மேடம், ஜாஸ்தியெல்லாம் இல்ல”ன்றான். அதான் விஷயமே. ரெண்டு மாசம் தொடாம இருந்தவனுக்கு ஒடம்போட தாங்கற சக்தி எறங்கிடும், பழைய அளவே கொன்னுடும். எவ்ளோ நாள் உள்ள இருந்தாலும் வெளில வந்த முத சில வாரம்தான் பயமே, அதனால ஒரு வருஷம் பூட்டி வெக்கறது பதில் இல்ல சார். சட்டை பாக்கெட்ல டிஸ்சார்ஜ் சம்மரி நாலா மடிச்சு இருந்துச்சு. முத ஓபி தேதி அடுத்த திங்கள்னு போட்டிருந்துச்சு.

அன்னிக்கு வியாழன்.

தாம்பரம்_அக்கா

தம்பிக்கு இப்ப ஓபி மட்டும்தான். அப்பா லோடுக்கு போற வழியில எறக்கி விட்றாரு, நான் வேலை முடிச்சு கூட்டிட்டு வரேன். ஃபேமிலி செஷன்ல அப்பா முத தடவ வாயத் தெறந்தாரு, தாத்தா குடிச்சிட்டு வந்து அடிச்சத பத்தி. தம்பி பேந்த பேந்த முழிச்சான். எனக்கே அப்பதான் தெரியும்.

வில்லிவாக்கம்_அம்மா

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன், கோச்சுக்காதீங்க. எல்லாத்தையும் படிச்சேன், வார்டு மேடம் எழுதினத படிச்சுட்டு அன்னிக்கு சாப்பிடல.

இந்த தடவ வேற மாதிரி பண்ணச் சொன்னோம். உள்ள இருக்கும்போதே கடைசி ரெண்டு வாரம் ஓபி குரூப்ல உக்கார வெச்சாங்க, அதே கவுன்சலர்தான் வெளியயும். சனி ஞாயிறு வீட்ல தூங்கிட்டு திங்கக்கெழம திரும்ப வார்டு. முத சனிக்கெழம சைக்கிள எடுத்துட்டு அந்த டீக்கடை பக்கம் போயிட்டான், ஒண்ணும் பண்ணல, நின்னுட்டு வந்துட்டான், கை நடுங்குச்சுன்னு திங்கக்கெழம அவங்ககிட்ட சொல்லிருக்கான். என்கிட்ட சொல்லல. பரவால்ல, எங்கயோ சொல்றான்ல.

டிஸ்சார்ஜ் ஆன மூணாவது நாளே ஓபி. தனியா போறேன்னான். சரின்னுட்டு, திட்டாதீங்க, நான் பின்னாடியே போனேன், அதே ட்ரெயின்ல லேடீஸ் பெட்டில. முடியற வரைக்கும் எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடைல தேவையே இல்லாம ஆதார் கார்ட 10 காப்பி எடுத்துட்டு நின்னேன். வெளில வந்தவன் நேரா என்கிட்ட வந்து, “சேந்தே வந்திருக்கலாம்ல, ஜெராக்ஸ் காசாவது மிச்சம்”னான்.

அடுத்தது வியாழக்கெழம. போலாமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல, நான்.