செக்யூர் பூட்டை அணைப்பதா, மாட்யூலின் சாவியைப் பதிவதா?

கறுப்புத்திரை:
டெபியன் 12 (லினக்ஸ்), விண்டோஸ் 11 இரண்டும் உள்ள என் மடிக்கணினியில் நேற்று பயாஸை (கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருளை) அப்டேட் செய்தேன். அதிலிருந்து டெபியன் கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் அழுத்தினால் டெர்மினல் கிடைக்கிறது. அங்கே மோட்புரோப் கட்டளை மூலம் என்விடியா மாட்யூலை (கிராஃபிக்ஸ் டிரைவரை) ஏற்ற முயன்றால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ (சாவி நிராகரிக்கப்பட்டது) என்கிறது. கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலை (லினக்ஸின் மையப்பகுதியை) தேர்ந்தெடுத்தாலும் இதே கதைதான்.

வேர்ப்பயனர்:
பழைய கெர்னலிலும் வருவதால் கெர்னல் மேல் பழியில்லை. அணைந்திருந்த செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் காவலை, அப்டேட் மீண்டும் இயக்கியிருக்கிறது. பயாஸுக்குள் போய் அணைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

சாவிக்கொத்து:
நோயைச் சரியாகக் கண்டுவிட்டு மருந்தைத் தவறாக எழுதுகிறீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் வட்டு மறையாக்கம் இருந்தால், இந்த அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை எங்கே எழுதிவைத்தோம் என்று தேடுவதற்கு இரண்டு நிமிடம் போதாது. கெர்னலுக்கேற்ப மாட்யூலைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி, கட்டும்போதே தானாகக் கையொப்பமும் இட்டுவிடுகிறது; அந்தக் கையொப்பத்தை நம்பலாம் என்று கணினியிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வார், லிப், டிகேஎம்எஸ் என்று போகும் கோப்புறையில் மோக்.பப் என்ற பொதுச்சாவி இருக்கும். அதை மோக்யூட்டில் என்ற சாவிப் பதிவுக் கருவியின் இம்போர்ட் கட்டளைக்குக் கொடுத்து, ஒருமுறைக்கான கடவுச்சொல் ஒன்றை வைத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டுச் சாவியைப் பதியும் நீலத் திரை வரும். 10 வினாடிக்குள் ஏதாவதொரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும்.

வேர்ப்பயனர்:
கையொப்பமிடும் தனிச்சாவியும் அதே கோப்புறையில், கடவுச்சொல் எதுவுமின்றிக் கிடக்கிறதே! ரூட் (முழு நிர்வாகி) உரிமை பெற்ற திருடன் தன் மாட்யூலுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வான். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டுப் பாதுகாப்பு என்கிறீர்கள். போதாததற்கு, செக்யூர் பூட் இயங்கினால் டெபியன் கெர்னல் ஹைபர்னேட் (நினைவகத்தை வட்டில் சேமித்து அணைப்பது) செய்யவும் விடாது.

சாவிக்கொத்து:
தனிச்சாவி பற்றிச் சொன்னதை மறுக்க முடியாது. வட்டு மறையாக்கம் செய்யப்படாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் ரூட் உரிமை பறிபோன பிறகு நடப்பது வேறு. இயங்குதளம் எழும் முன்பே, அதை ஏற்றும் நிரலான பூட்லோடரை மாற்றிவைப்பது வேறு. பின்னதற்குத்தான் செக்யூர் பூட். ஹைபர்னேட் வேண்டுமென்று அணைப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு டிரைவர் ஏறவில்லை என்பதற்காக அணைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கறுப்புத்திரை:
சாவியைப் பதிந்துவிட்டேன், திரை வந்துவிட்டது. முதல்முறை தேநீர் எடுக்கப் போய் அந்த 10 வினாடியைத் தவறவிட்டதால், இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே எடுத்துக்கொள்வதால், கடவுச்சொல்லில் குறியீடுகளைத் தவிர்ப்பது நல்லது. ஹைபர்னேட்டை நான் பயன்படுத்துவதில்லை.

வேர்ப்பயனர்:
மகிழ்ச்சி. அந்தச் சாவி பதிவாகியிருப்பது மதர்போர்டின் நினைவகத்தில் என்பதை மட்டும் மறவாதீர்கள். அடுத்த அப்டேட் அதைத் துடைத்துவிட்டால் இதே இழைக்குத்தான் திரும்பி வருவீர்கள்.