‘ராஜா சின்ன ரோஜா’ நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. 1989-இல் ஏவி.எம். தயாரித்து, எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’ படத்தின் தெளிவான பிரதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரஜினி, கௌதமி, கூடவே ஒரு குழந்தைப் பட்டாளம், சந்திரபோஸ் இசை. ‘சூப்பர் ஸ்டாரு யாருன்னு கேட்டா’ பாட்டுகூட இதில்தான்.

எனக்கு முக்கியமாக வேண்டியது, ரஜினியும் குழந்தைகளும் காட்டுக்குள் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடும் அந்தப் பாட்டு. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கைக்கு வராத காலம். நடிகர்கள் வெறும் இடத்தைப் பார்த்துச் சிரித்து நடிக்க, அப்புறம் ஒவ்வொரு பிரேமுக்கும் விலங்குகளைக் கையால் வரைந்து சேர்க்க வேண்டும். நொடிக்கு 24 பிரேம் என்றால் எவ்வளவு வேலை! என்னைக் கேட்டால், படத்தின் மற்ற பகுதிகளைவிட அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் மவுசு அதிகம்.

நான் பார்த்த பிரதிகளில் நிறம் வெளுத்து, ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. விலங்குகள் பாதி தெரிவதில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டி என்ன பயன்?

முறையாக வெளியான நல்ல டிவிடியோ, ஓடிடியோ தெரிந்தால் சொல்லுங்கள். திருட்டுப் பிரதி இணைப்பு வேண்டாம். அந்தப் பாட்டு உருவான விதம் பற்றி அன்றைய பத்திரிகைகளில் வந்த பேட்டி, படங்கள் யாரிடமாவது இருந்தால் அதையும் பகிருங்களேன்.