தங்கம் தியேட்டர் ‘ஆசியாவிலேயே பெரிசு’ன்னு இன்னும் எத்தனை நாள் சொல்லுவீங்க?

அடையாறு_வாசி:
மதுரைக்காரங்க யார் பதிவு போட்டாலும் ‘ஆசியாவின் மிகப்பெரிய தியேட்டர் எங்க ஊர் தங்கம்’னு ஒரு வரி வந்துடுது. ஆசியா முழுக்கப் போய் சீட்டு எண்ணிப் பார்த்தது யாருங்க? நியூயார்க்ல 1932லயே திறந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹால்ல கிட்டத்தட்ட 6,000 சீட்டு.

வைகைக்கரை:
நியூயார்க் எப்பண்ணே ஆசியாவுக்கு வந்துச்சு? தங்கத்துல 2,563 சீட்டு. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோட திறந்தாங்க. சிவாஜிக்கு முதல் படம், தங்கத்துக்கும் முதல் படம். இதுக்கு மேல என்ன வேணும்?

அடையாறு_வாசி:
சரி, ஆசியாவுக்கே வர்றேன். டோக்கியோ அசகுசாவுல கொகுசாய் அரங்கம், 1937. மூவாயிரத்துக்கும் மேல சீட்டு. முடிஞ்சுதா?

வைகைக்கரை:
அது டான்ஸ் ஆடுற பொண்ணுங்களுக்குக் கட்டுனது. நாங்க சொல்றது சினிமா தியேட்டர். 2,563.

அடையாறு_வாசி:
அங்க படமும் ஓட்டுனாங்க.

வைகைக்கரை:
எங்க ஊர் தமுக்கம் மைதானத்துலயும்தான் சர்க்கஸ் போட்டாய்ங்க. அதுக்காகத் தமுக்கத்தைச் சர்க்கஸ் கூடாரம்னா சொல்லுவீங்க?

கீழவாசல்_மீனா:
தமுக்கம்னு ஆரம்பிச்சதுக்காக ஒண்ணு சொல்றேன். ஊருக்குப் பொது இடம்னா தமுக்கம்தான். சித்திரைப் பொருட்காட்சிக்கு அப்பளத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ராட்டினத்துக்கு நின்ன நினைப்பு எனக்கு இன்னும் இருக்கு. தங்கத்துல காசு குடுத்தாத்தான் உள்ள விட்டாங்க.

வைகைக்கரை:
பொருட்காட்சி மட்டும் இனாமா தங்கச்சி? எங்கய்யா மில்லுல வேலை பார்த்தவரு. சம்பள சனிக்கிழமை எங்க அஞ்சு பேரையும் கூட்டிட்டுப் போவாரு. பொம்பளைங்க வரிசை தனி. டிக்கெட் குடுக்கிற பொந்துக்குள்ள அம்மா முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கிட்டு நிக்கும். வெளிய எடுக்கும்போது வளையல் ரெண்டு உடைஞ்சிருக்கும், டிக்கெட் மட்டும் கசங்காம இருக்கும். உசிலம்பட்டிக்காரன், மேலூர்க்காரன், ரயில்ல வந்து இறங்குனவன் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ. அதுதான் ஊர் கூடுற இடம். 2,563 பேரு ஒண்ணா விசிலடிச்சதை நீங்க யாரும் கேட்டதில்ல.

அடையாறு_வாசி:
வளையல் கதை நல்லாத்தான் இருக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் எங்க? ஆசியாவிலேயே பெரிசுன்னு எழுதின காகிதம் ஒண்ணு காட்டுங்க. போன மாசம் ஜிகர்தண்டா விவாதத்துலயும் நீங்க இப்படித்தான் அழவச்சுட்டு நழுவுனீங்க.

வைகைக்கரை:
நழுவுனது யாரு? பாதாம் பிசினுக்கும் கடற்பாசிக்கும் வித்தியாசம் தெரியாம நின்னது நீங்க. அந்தக் கடுப்பை இங்க வந்து காட்டாதீங்க.

பாளையங்கோட்டை_ராசா:
சிந்தாமணி தியேட்டரை ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க? 1937ல வந்த சிந்தாமணி படத்து லாபத்துல கட்டுனது. கதை உள்ள தியேட்டர்னா அதுதான்.

வைகைக்கரை:
திருநெல்வேலிக்காரருக்கு மதுரையில என்ன பஞ்சாயத்து? உங்க ஊருல அல்வாவைப் பாருங்க. சிந்தாமணியில 2,563 சீட்டு இருந்துச்சா?

பாளையங்கோட்டை_ராசா:
சீட்டு, சீட்டு, சீட்டு. வேற ஒண்ணும் தெரியாதா? அல்வாவை இழுத்தா அப்புறம் நானும் பேசுவேன்.

கீழவாசல்_மீனா:
அவ்வளவு பெரிய தியேட்டர் வருசக்கணக்கா பூட்டிக் கிடந்துச்சே, அப்ப இந்த 2,563 பேரும் எங்க போனீங்க? இப்ப அந்த இடத்துல சேலை விக்கிறாங்க. ஒருத்தராவது போய் நின்னு கேட்டீங்களா?

வைகைக்கரை:
நீ கேட்டியா? தமுக்கத்துல மாநாட்டு மண்டபம் எழும்புனப்ப நீ போய் நின்னியா?

கீழவாசல்_மீனா:
பேச்சை மாத்தாதீங்க. நான் கேட்டது தங்கத்தைப் பத்தி.

அடையாறு_வாசி:
நானும் அதைத்தான் கேட்கிறேன். கொகுசாய், 1937, மூவாயிரத்துக்கு மேல.

வைகைக்கரை:
அது டான்ஸ் அரங்கம்னு நூறு தடவை சொல்லியாச்சு. மேல பெருமாள் மேஸ்திரி வீதியில போய் எந்தப் பெருசையும் கேளுங்க, ஆசியாவிலேயே பெரிசு எதுன்னு. ஒருத்தராவது டோக்கியோன்னு சொல்லட்டும், பார்ப்போம். 2,563.